சம்பந்தியம்மாவும் கேம் ஷாஃப்ட்டும்

சம்பந்தியம்மா மூன்று வாரம் தங்கப்போகிறார் என்று மகள் வந்து சொன்னபோது மெக்கானிக் முதலில் கேட்டது, "எந்த மூணு வாரம்?" என்றுதான்.

"இந்த மூணு வாரம்தாம்ப்பா. அவங்க வீட்டுக் கூரையப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. மழை வேற ஆரம்பிச்சிருச்சு. மகன் வீட்டுக்கு வராம வேற எங்க போவாங்க?"

மகன் வீடு என்பது மெக்கானிக்கின் வீடுதான். கீழே பட்டறை, மேலே குடித்தனம். மாப்பிள்ளையின் அலுவலகம் நடக்கிற தூரத்தில் இருந்ததால் கல்யாணமான கையோடு இளசுகள் இருவரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதைச் சம்பந்தியம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லாததுதான் மெக்கானிக்குக்கு உறுத்தல். இரண்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். அதில் ஆறு, "சாப்பிட்டீங்களா?"

சம்பந்தியம்மாவின் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்குப் பொருந்துகிற மாதிரி மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் கையாலேயே செய்து அனுப்புபவர். முப்பது வருஷமாக அதுதான் வேலை. கூரை ஒழுகுகிறது என்பதற்காகப் பல் இல்லாதவர்கள் பட்டினி கிடக்க முடியுமா? வந்து இறங்கும்போதே மூன்று பெட்டி. ஒன்றில் துணி, இரண்டில் பல்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"சம்பந்தி, ஜன்னலோரமா ஒரு முழம் இடம் கிடைக்குங்களா? மேல இருக்கிற மேஜை ஆடுது. ஆடுற மேஜைல பல்லு நேரா நிக்காது."

இல்லை என்று சொல்ல வாய் வருமா? மெக்கானிக் தன் நீளமான வேலைமேசையின் ஜன்னல் பக்கத்து முனையைத் துடைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் ஸ்பானர் எடுக்கத் திரும்பும்போதெல்லாம் ரோஸ் நிற ஈறுகளோடு ஐந்தாறு பல்வரிசைகள் அவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. மேசையின் மறுமுனையில் மாட்டு டாக்டருடைய காரின் இஞ்சின் பிளந்து கிடந்தது.

முதுகு வளைந்த சின்னக் கார் அது. அறுபது வருஷத்துப் பழசு. இஞ்சின் பின்பக்கம் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்று பட்டே ஆறிக்கொள்ளும். மேட்டுப் பண்ணைகளுக்குப் போகிற கரடுமுரடான பாதையில் எந்தப் புது வண்டியும் ஏறாத இடத்துக்கு அது முனகாமல் ஏறும். டாக்டர் இருபது வருஷமாக அதில்தான் மாடு பார்க்கப் போகிறார். அந்தச் சத்தம் கேட்டால் பண்ணை நாய்கள் குரைக்காமல் வாலாட்டுமாம்.

பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கோர்ப்பது மெக்கானிக்குக்குப் புதிதில்லை. இந்த ஜாதி இஞ்சினின் உடம்பு நிலக்கடலைத் தோடு மாதிரி இரண்டு பாதி. நடுவில் கேம் ஷாஃப்ட் படுத்திருக்கும். வால்வுகளை முறை வைத்துத் திறந்து மூடும் தண்டு அது. சுழலலாம்; ஆனால் முன்னும் பின்னும் நகரக்கூடாது. அப்படி நகராமல் பிடித்துக்கொள்ளத்தான் த்ரஸ்ட் பேரிங். ஒரு பாதிக்கு ஒன்று, பிறை வடிவத் தகடு, இரண்டு பக்கமும் விளிம்பு வைத்தது. விளிம்புக்கும் தண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கவேண்டும். எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிளந்தால் அதில் எட்டுப் பங்கு. ஆறுக்குக் குறைந்தால் சூட்டில் இறுகிவிடும். பதினொன்றுக்கு மேல் போனால் லொடலொடவென்று அடித்துக்கொள்ளும்.

தண்டை இடது பாதியில் மட்டும் வைத்துப் பார்த்தால் வெண்ணெயாகச் சுற்றியது. வலது பாதியில் மட்டும் வைத்தாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்து ஆறு பெரிய நட்டையும் முடுக்கியதும் பிடித்துக்கொண்டது. ஆயில் பம்ப் உட்காரும் ஓட்டை வழியாகப் பட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினால் மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம்.

பிரித்தார். எமரி பேப்பரில் பேரிங்கின் விளிம்பைத் தேய்த்தார். சேர்த்தார். பிடித்தது. மறுபடி பிரித்தார், மறுபக்கத்தைத் தேய்த்தார். மூன்றாவது தடவை ஆள் மெலிந்த பிறகு போட்ட சட்டை மாதிரி இடது பேரிங் தொளதொளத்துப் போனது. இறுக்கமோ போன பாடில்லை. ஒரு செட் குப்பைக்குப் போயிற்று. கையில் இருப்பது இன்னும் ஒரே ஒரு செட். அதுவும் போனால் அடுத்தது கப்பலில் வர இரண்டு மாதம்.

நீல மையைத் தடவி எங்கே படுகிறது என்று பார்க்காமலும் இல்லை. பாதியைத் தூக்கி மேலே கவிழ்க்கும்போதே மை இழுபட்டு விளிம்பு முழுக்க அப்பிக்கொண்டது. எல்லா இடமும் நீலம். எல்லா இடமும் நீலமென்றால் எந்த இடமும் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?

இத்தனையும் சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார் என்று சொல்லவும் முடியாது. மெழுகில் பல் நட்டுக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருந்தார். ஆனால் மெக்கானிக் ஒவ்வொரு தடவை நட்டைக் கழற்றும்போதும் ஜன்னல் பக்கம் மெழுகுக் கரண்டியின் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது. அந்த ஒரு நொடி அவர் முதுகில் ஊசியாகக் குத்தியது.

வியாழக்கிழமை காலை மாட்டு டாக்டர் பால் லாரியில் வந்து இறங்கினார். பருத்த ஆள், எப்போதும் சிரித்தே பேசுபவர். அன்றைக்குச் சிரிக்கவில்லை. பூட்ஸ் முழுக்கச் சேறு.

"எப்படி அண்ணே இருக்கான் நம்ம ஆளு?"

"இன்னும் கொஞ்சம் வேலை இருக்குங்க டாக்டர்."

"விடியக்காலைல மேட்டுப் பண்ணைல இருந்து போன் வந்துச்சு. கன்னு கால மடக்கிக்கிட்டு உள்ளயே மாட்டிக்கிச்சு. பால் லாரி கிடைச்சு நான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். தாய காப்பாத்திட்டேன்." பூட்ஸ் சேற்றைப் பார்த்தார். "கன்னு போயிருச்சு."

மெக்கானிக் கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார்.

"உங்கள ஒண்ணும் சொல்லல அண்ணே. லாரி லேட்டு. அவ்வளவுதான். இந்த மாசம் பூரா கன்னு போடுற நேரம், அதான்..."

"நாளைக்கு முடிச்சிடறேன் டாக்டர்," என்றார் மெக்கானிக். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டாக்டர் போனதும் புது பேரிங்குகளை எடுத்தார். இரண்டாவது செட், கடைசி செட். மாட்டினார். பாதிகளைச் சேர்த்து ஆறு நட்டையும் முடுக்கினார். ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினார். பிடித்தது. பலம்கொண்ட மட்டும் திருப்பியபோது கர்ரென்று கால் சுற்று அசைந்து கொடுத்தது.

"அசையுது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஓட ஓட வழிக்கு வந்துடும்."

"வராதுங்க, சம்பந்தி."

ஜன்னல் பக்கமிருந்து வந்த குரல். சத்தமாகக்கூட இல்லை. மெக்கானிக் திரும்பினார்.

"நான் கத்துக்கிட்ட புதுசுல அப்படித்தான் சொல்லி அனுப்புவேன். போட்டுக்கிட்டே இருங்க, பழகிடும்னு. எதுவும் பழகல. ஈறுதான் புண்ணாச்சு."

கன்றுக்குட்டியின் துக்கம், ஒரு வாரத் தோல்வி, ஐந்தாறு பல்வரிசைகளின் இளிப்பு, எல்லாம் சேர்ந்து அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"இது பல்லு இல்லீங்க சம்பந்தி. இஞ்சின். உங்களுக்குத் தெரியாததுல வாய விடாதீங்க."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். சம்பந்தியம்மா கையிலிருந்த கரண்டியைத் துடைத்து வைத்தார். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நிதானமாகப் படியேறிப் போய்விட்டார். கதவைச் சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அடித்துச் சாத்தியிருந்தால் மெக்கானிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மகளுக்கு என்ன பதில் சொல்வது? மாப்பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது? வேலையும் ஓடவில்லை. பட்டறைக்குள் இரண்டு நடை நடந்தார். மூன்றாவது நடையில் ஜன்னலோரம் வந்து நின்றார். முதல் தடவையாக அந்தப் பற்களை அவை இளிக்கின்றனவா இல்லையா என்று நினைக்காமல் பார்த்தார்.

கீல் வைத்த ஒரு சின்ன இரும்புக் கருவி. தாடை மாதிரியே திறந்து மூடுவது. அதில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் மாட்டியிருந்தன. மெக்கானிக் விரலால் மெல்ல மூடினார். டக். ஒரே சத்தம். இருபத்தெட்டுப் பல்லும் ஒரே நேரத்தில் சந்தித்த சத்தம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே இம்மி வெளிச்சம் வரவில்லை. பக்கவாட்டில் அசைத்தார். எங்கும் இடறாமல் வழுக்கி நகர்ந்து, திரும்பவும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. இன்னொரு முறை மூடினார். இன்னொரு முறை.

நாற்பது வருஷம் இரும்போடு புழங்கிய கை அவருடையது. நல்ல பொருத்தம் எது என்று அந்தக் கைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த அளவுக்குப் பொருந்துகிற இரண்டு பாகத்தைத் தன் வாழ்நாளில் எத்தனை தடவை செய்திருக்கிறோம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு கையே போதுமாக இருந்தது.

அப்போதுதான் பல்லின் முகட்டில் அந்தப் புள்ளிகள் கண்ணில் பட்டன. கடுகைவிடச் சின்னதாக நீலத்தில் சில, சிவப்பில் சில.

பல்வரிசையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியேறினார். சம்பந்தியம்மா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் அப்பாவையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தப் புள்ளி என்னங்க?"

சம்பந்தியம்மா கத்தியைக் கீழே வைத்தார். "கீழ என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோங்க."

சம்பந்தியம்மா, "அதக் கொஞ்சம் பத்திரமா பிடிங்க, ஒரு அம்மா சனிக்கிழமை வாங்க வராங்க," என்று கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

பட்டறையில் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வெங்காயச் சருகைவிட மெல்லிசு. "இதக் கடிக்க வெச்சா எங்க உரசுதோ அங்க மட்டும் சாயம் ஒட்டும். நீலத்த வெச்சு நேரா மூடுவேன், அசைக்க மாட்டேன். அப்புறம் சிவப்ப வெச்சு மூடி, பக்கவாட்டுல அசைப்பேன். ரெண்டும் ரெண்டு கதை சொல்லும். வலிக்குதுன்னு ஆளு எந்தப் பல்லக் காட்டுறாரோ, முக்காவாசி நேரம் குத்தம் அங்க இருக்காது. எதுத்தாப்புல இருக்கும். நீங்க ஒரு வாரமா வலிக்கிற பல்லத் தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்களோன்னு தோணுச்சு. சொல்லலாமா வேண்டாமான்னு..."

"சொல்லியிருக்கலாமேங்க."

"எப்பிடிச் சொல்ல? உங்க முதுகே பேசாதேன்னு சொல்லிச்சே."

மெக்கானிக் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. மெக்கானிக் ஆறு நட்டையும் கழற்றிப் பாதிகளைப் பிரித்து, தண்டையும் பேரிங்குகளையும் எண்ணெய் போகத் துடைத்தார். விளிம்பின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து காட்ட, சம்பந்தியம்மா நீலத் தாளைப் பிறை பிறையாகக் கத்தரித்தார். அவர் கத்தரிக்கோல் போன வழியில் பிசிறு இல்லை, இரண்டாம் வெட்டு இல்லை. மெழுகை ஊசிமுனையளவு தொட்டு, தண்டின் முகங்களில் ஒட்டினார். கவிழ்க்கும்போது இழுபடாமல் தாள் அப்படியே நின்றது. மெக்கானிக் வலது பாதியைத் தூக்கி நேராக இறக்கினார்; முடுக்கினார்; திருப்பாமல் கழற்றினார். பிறகு சிவப்புத் தாளோடு இன்னொரு முறை. இந்தத் தடவை ஸ்க்ரூடிரைவரால் இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம்.

திறந்து பார்த்தபோது இருவர் தலையும் முட்டிக்கொள்ளாத குறை.

இடது பேரிங்கில் முன்விளிம்பில் மட்டும் லேசான நீலம். போன செட்டில் ஒரு வாரமாக அவர் தேய்த்த இடம் அது. வலது பேரிங்கின் பின்விளிம்பில் பளிச்சென்று நீலத்தின்மேல் சிவப்பு. அதுவும் விளிம்பு முழுக்க இல்லை. பிறையின் கீழ்க்கொம்பில் மட்டும், நகக்கண் அளவு.

"இங்கதான் கடிக்குது," என்றார் சம்பந்தியம்மா. "இது தேய்க்கிற கேஸ் மாதிரி தெரியல. ஏன் இந்த ஓரம் மட்டும்? சாஞ்சு உட்கார்ந்திருக்கோ?"

மெக்கானிக் பேரிங்கை எடுத்துவிட்டு அது உட்காரும் பள்ளத்தில் விரல் நகத்தை ஓட்டினார். கீழ்க்கொம்புக்கு நேரே நகம் இடறியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முன்பு யாரோ பேரிங் சுற்றாமல் இருக்கப் பள்ளத்தின் ஓரத்தில் குத்தூசி வைத்துத் தட்டியிருக்கிறார்கள். குத்து விழுந்த இடத்தைச் சுற்றி உலோகம் முடியளவு எழும்பி நின்றது. பேரிங் அதன்மேல் ஏறிச் சாய்ந்துகொண்டு தண்டைப் பின்னாலிருந்து நெருக்கியிருக்கிறது. தனியாக வைத்தால் தண்டு விலகிக்கொள்ளும். இரண்டு பாதியும் சேர்ந்தால் எங்கே போகும்?

"அடப்பாவி," என்றார், அந்த முகம் தெரியாத ஆளையா தன்னையா என்று தெரியாமல்.

சுரண்டுகத்தியால் மூன்றே இழுப்பு. பிசிறு போயிற்று. மறுபடி கோர்த்து முடுக்கி, ஸ்க்ரூடிரைவரை விட்டார். சுற்றியது. கர்ரென்ற சத்தம் இல்லை, முரண்டு இல்லை. இடைவெளி அளக்கும் டயல் கேஜை வைத்துத் தண்டை முன்னும் பின்னும் தள்ளினார். முள் ஐந்தில் நின்றது.

இந்த இடத்தில் முடித்துக்கொண்டிருக்கலாம். ஆறு வேண்டியதற்கு ஐந்து. ஒரு பங்குதானே குறைவு? டாக்டருக்கும் நாளைக்கு என்று சொல்லியாகிவிட்டது. மெக்கானிக் ஜன்னல் பக்கம் பார்த்தார். சம்பந்தியம்மா இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மெக்கானிக் நட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்.

தடித்த கண்ணாடிப் பலகையில் மிக மெல்லிய எமரி பேப்பரை விரித்து, மேலே எண்ணெய் விட்டார். வலது பேரிங்கின் பின்விளிம்பை அதில் படிய வைத்து, இரண்டு விரலால் எட்டு எழுதுவது மாதிரி ஓட்டினார். எட்டு ஓட்டம், கால் திருப்பு. எட்டு ஓட்டம், கால் திருப்பு. அழுத்தம் எந்தப் பக்கமும் சாயவில்லை. கண்ணை மூடிக்கொண்டே செய்தார், காதுதான் பார்த்துக்கொண்டது. சம்பந்தியம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியும், நூறில் மூன்று பங்கு என்பது எவ்வளவு என்று. ஒரு தும்மல் போதும் அதைத் தாண்டிப் போக.

"எப்படிங்க இவ்வளவு சமமா?" என்றார் கடைசியில், தன்னை மறந்து. "எனக்கு இதுக்கு மெஷின் வேணும்."

"விரல் சொல்லும்ங்க. ஒரு பக்கம் சாஞ்சா எண்ணெய் வழுக்குறது மாறிடும்."

கழுவி, துடைத்து, கோர்த்து, ஆறு நட்டையும் முறைப்படி முடுக்கினார். ஸ்க்ரூடிரைவரைச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினார்.

"நீங்க திருப்புங்க."

அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்துத் திருப்பினார். தண்டு, தூக்கத்தில் புரண்டு படுக்கிற குழந்தை மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றியது. டயலின் முள் எட்டில் போய் நின்றது. எட்டரை இல்லை, ஏழே முக்கால் இல்லை.

படிக்கட்டில் இறங்கி வந்த மகள் இருவரும் வாய் பேசாமல் ஒரு சின்ன முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பயந்துபோனாள். "என்னாச்சு? இன்னும் சண்டையா?"

"போம்மா, போய் ரெண்டு பேருக்கும் டீ போடு," என்றார் மெக்கானிக்.

அன்றே டாக்டருக்குப் போன் செய்தார். நாளைக்கு முடியாது, ஞாயிறு ஆகும், நாளைக்கென்று சொன்னது அவசரத்தில் வந்த வார்த்தை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். டாக்டர், "ஞாயிறுன்னா ஞாயிறு அண்ணே," என்றார். வெள்ளியும் சனியும் கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன், சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக ஏறின. சனிக்கிழமை பல்செட் வாங்க வந்த அம்மா, பட்டறையிலேயே அதைப் போட்டுக்கொண்டு ஒரு பிஸ்கட்டைக் கடித்துக் காட்டிவிட்டுப் போனார். மெக்கானிக் தன் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

ஞாயிறு காலை இஞ்சின் முதல் சாவியிலேயே கிளம்பியது. அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை இஞ்சினின் உடம்பில் ஊன்றிக் கேட்டார் மெக்கானிக். அடிச்சத்தம் இல்லை. மாட்டு டாக்டரிடமும் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார்.

"தையல் மெஷின் மாதிரி இருக்கே! என்ன அண்ணே பண்ணீங்க?"

"நான் தேய்ச்சேன். எங்க தேய்க்கணும்னு கண்டுபிடிச்சது இவங்க." சம்பந்தியம்மாவை முன்னால் வரச் சொன்னார். "எங்க சம்பந்தி. பல்செட் பண்றவங்க. ஒரு வாரமா நான் குருடன் மாதிரி இழைச்சுக்கிட்டு இருந்தத, நகக்கண்ணளவு சாயத்துல காட்டிக் குடுத்தாங்க."

சம்பந்தியம்மா என்ன செய்வதென்று தெரியாமல் மேலங்கியின் பொத்தானைத் திருகினார். முப்பது வருஷத்தில் அவர் வேலையை வாயில் போட்டுக்கொண்டு போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். இன்னார் செய்தது என்று நாலு பேர் முன்னால் யாரும் சொன்னதில்லை.

"பல்லா?" என்ற டாக்டர், யாரும் எதிர்பாராத விதமாக வாயை ஆவென்று பிளந்தார். "அம்மா, அந்தக் கடைசிப் பல்ல மட்டும் கொஞ்சம் பாருங்க. போன வருஷம் மூடி போட்டாங்க. அன்னில இருந்து அந்தப் பக்கம் மெல்லவே முடியல."

"அது உசரமா இருக்கும் டாக்டர். ஆனா நான் வாயில கை வைக்கக்கூடாது, எங்க தொழில்ல அது தப்பு," என்றார் சம்பந்தியம்மா. ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். "உங்க பல் டாக்டர்கிட்ட இதக் குடுங்க. எந்த இடம்னு அவரே பார்த்துக்குவார்."

அந்த நேரம் டாக்டரின் போன் அடித்தது. மேட்டுப் பண்ணைக்கும் மேலே, கடைசிப் பண்ணை. முதல் பிரசவம், வலி எடுத்து ரொம்ப நேரம் ஆகிறதாம். டாக்டர் பேசிக்கொண்டே பையைக் காருக்குள் எறிந்தார். உடம்பை உள்ளே திணித்துக்கொண்டார். கையை மட்டும் வெளியே ஆட்டினார்.

கார் தெருமுனையில் திரும்பி மேட்டில் ஏறுகிற சத்தம் பட்டறை வாசல்வரை கேட்டது. மெக்கானிக்கும் சம்பந்தியம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது கியர், முதல் கியர், மறுபடி இரண்டு. எங்கும் திணறவில்லை.

இரண்டு மணி நேரத்தில் டாக்டரிடமிருந்து போன் வந்தது. மெக்கானிக் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்:

"பொட்டைக் கன்னாம். எழுந்து நின்னு பால் குடிக்குதாம்."